இந்தக் கை ஆக்கிய சோறு

நான் குடித்ததில்லை. கல்யாணத்தில் இல்லை, திருவிழாவில் இல்லை. பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்லது என்று மாமியார் ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தபோதுகூடத் துப்பிவிட்டேன். இதை ஏன் எடுத்த எடுப்பில் சொல்கிறேன் என்றால், ஈரல் கெட்டுவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து என்னை விசாரித்தவர்கள் எல்லோரும் அடுத்ததாகக் கேட்டது அதைத்தான். ஆம்புலன்ஸ்காரர் கேட்டார். சீட்டு எழுதியவர் கேட்டார். ஸ்கேன் அறை வாசலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, பெயர்கூடத் தெரியாத ஒரு பெண்மணி என் காதருகே குனிந்து, "பழக்கம் இருக்குதாம்மா உனுக்கு?" என்று கேட்டார். அவருக்குப் பித்தப்பையில் கல். கல்லுக்கு யாரும் பழக்கம் கேட்பதில்லை.

என் பெயர் கோவிந்தம்மாள். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே போகிற ஒரு சின்ன ஊர். அங்கே பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் பதினான்கு வருஷமாகச் சமையல் என்னுடையது. நாற்பத்து மூன்று பிள்ளைகள். அடி பிடிக்காமல், குழையாமல், உப்பு ஒரு கல் கூடாமல் அத்தனை பேருக்கும் ஒரே அண்டாவில் ஆக்கிப் போடுவேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. பெற்ற பிள்ளைகள் இரண்டுதான், ஆனால் என் கையால் தின்று வளர்ந்தவர்கள் இன்று பஸ் ஓட்டுகிறார்கள், போலீசில் இருக்கிறார்கள், என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்துகிறார்கள். அந்தக் கரண்டியை என் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தார்கள். இது அந்தக் கதைதான். ஆஸ்பத்திரி நடுவில் வந்தது.

முதலில் சேலைக் கட்டு சேரவில்லை. வயிறு மட்டும் உப்பியது, கை கால் குச்சியாகப் போனது. நாற்பத்திரண்டு வயதில் இன்னொன்றா என்று தண்ணீர்க் குழாயடியில் என்னைக் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு கால் வீங்கியது. விரலை வைத்து அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. கண் மஞ்சளானதும் என் வீட்டுக்காரர் காசி வேட்டியை மாற்றிக்கொண்டு என்னை அடிவாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரிக்கு என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் காமாலை என்றால் போகிற இடம் வேறு. அடிவாரத்து ஊர் ஒன்றில் தலைமுறை தலைமுறையாகக் காமாலைக்குக் கீறி மருந்து வைக்கிறார்கள். முன்கையின் உள்பக்கத்தில் பிளேடால் மூன்று கோடு. அதில் கறுப்பாக ஒரு பொடியை வைத்துத் தேய்ப்பார்கள். நோயாளிக்கு மட்டும் இல்லை. வீட்டில் ஒருவருக்குக் காமாலை கண்டால் மற்றவர்களுக்கும் வராமல் இருக்க, அந்த வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் கீறுவது வழக்கம். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது என் அண்ணனுக்குக் காமாலை வந்தது. வீட்டில் ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்தோம். முதலில் அண்ணன், பிறகு அப்பா, பிறகு அம்மா, பிறகு மற்றவர்கள், கடைசியாக நான். ஒரே பிளேடு. நான் அழவில்லை என்று எனக்கு ஒரு வெல்லக்கட்டி கொடுத்தார்கள்.

இந்த முறையும் கீறினார்கள். உப்பு, புளி, எண்ணெய் தள்ளச் சொன்னார்கள். மூன்று வாரம் தள்ளினேன். ஒரு வியாழக்கிழமை, பருப்பு கொதித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சுக்குள் ஏதோ சூடாக ஏறியது. கூடத்துக்கு வெளியே ஓடினேன். சுவரோரமாக வாந்தி எடுத்தேன். அத்தனையும் ரத்தம். கை கழுவ வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அதில் ஒன்றாம் வகுப்புப் பவியும் இருந்தாள். அவள் போட்ட கூச்சல்தான் எனக்குக் கடைசியாக நினைவிருப்பது.

தலைமையாசிரியை ஆம்புலன்சுக்குச் சொல்லி, அமிர்தி வழியாக என்னை வேலூருக்கு இறக்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் காசி என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். எனக்குச் செத்துவிடுவேன் என்று தோன்றியது. அதைவிட, அடுப்பில் பருப்பு தீய்ந்திருக்குமே என்று தோன்றியது. சிரிக்காதீர்கள், அப்படித்தான் தோன்றியது.

பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தேன். என்ன செய்தார்கள் என்று எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லியிருந்தால் பாதி பயம் குறைந்திருக்கும். முதலில் வாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டார்கள். அதன் நுனியில் கேமரா. ஈரல் கல்லாக இறுகிவிட்டால் அதற்குள் போக வேண்டிய ரத்தம் போக முடியாமல் திரும்புகிறதாம். வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் வரப்பை உடைக்கிற மாதிரி, அது உணவுக்குழாயின் சின்ன ரத்த நரம்புகளில் ஏறி, வீங்கி, வெடிக்கிறது. வெடித்த இடத்தில் சின்ன ரப்பர் வளையம் மாட்டி இறுக்கினார்கள். மயக்க ஊசி கொஞ்சம்தான். குமட்டும், கண்ணில் தண்ணீர் வரும், ஆனால் தாங்கலாம். மறுநாள் வயிற்றில் ஊசி குத்திக் குழாய் வழியாக நீரை எடுத்தார்கள். நாலு லிட்டர் வந்தது. இலேசான மஞ்சள் நிறம். நாலு லிட்டரைச் சுமந்துகொண்டா நான் அண்டா தூக்கினேன் என்று எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

அப்புறம் காத்திருப்பு. ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, முடிவு வாங்க ஒரு வரிசை, ஈரலின் இறுக்கத்தை அளக்கிற ஸ்கேனுக்கு ஒரு வரிசை. காசி எனக்கு முன்னால் போய் நின்று இடம் பிடிப்பார், என் முறை வரும்போது என்னைக் கூப்பிடுவார். அவர் பேச்சு குறைந்த மனிதர். காடு, சாமை, மாடு இதைத் தவிர வேறு தெரியாது. ஆஸ்பத்திரியில் எனக்கு உப்பில்லாத சாப்பாடு. உப்பு சேர்த்தால் வயிற்றில் நீர் மறுபடி கட்டும். மூன்றாம் நாள்தான் கவனித்தேன், அவரும் உப்பில்லாத கஞ்சியைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இன்னாத்துக்கு உப்பில்லாம குடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"ஒரே சட்டியில வாங்கினேன். ரெண்டு சட்டி எதுக்கு" என்றார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கல்யாணமாகி இருபத்தி நான்கு வருஷத்தில் அவர் எனக்குச் சொன்ன ஆசை வார்த்தை அதுதான்.

பக்கத்துக் கட்டிலில் அமிர்திப் பக்கத்திலிருந்து வந்த சாந்தி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவளுக்கும் வயிற்றில் நீர். மருத்துவர்கள் சுற்றி வரும்போதெல்லாம் நான் முந்திக்கொண்டு, "எனக்குக் குடிப் பழக்கம் இல்லீங்க" என்று அறிவிப்பேன். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, அவர்கள் போன பிறகு சாந்தி என் பக்கம் திரும்பினாள்.

"நான் குடிச்சேன்க்கா. சின்ன வயசுலருந்து சாராயம் காச்சற வூட்டுல வேல. அப்போ எனுக்கு வலிக்காதா? என்ன வெளிய போடணுமா?"

கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் சுட்டது. நான் குடிக்கவில்லை என்று ஒவ்வொரு தடவையும் சத்தமாகச் சொன்னபோது, பக்கத்துக் கட்டிலில் இருந்தவளை நான் கட்டிலோடு தள்ளிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். என் அப்பாவும் வயிறு வீங்கித்தான் செத்தார். குடித்தே செத்தான் என்று ஊர் சொன்னது. அவர் குடித்து நான் பார்த்ததே இல்லை. இருந்தாலும் நானும் அதை நம்பினேன், கடைசி வருஷம் அவருக்குச் சோறு போடும்போது தட்டை ஓசையாக வைத்தேன். குடித்திருந்தாலும்தான் என்ன? பெற்ற அப்பனுக்கு அப்படியா தட்டு வைப்பது? சாந்தியிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்பாவிடம் கேட்க வழியில்லை.

ஆறாம் நாள் முடிவு வந்தது. ஒரு இளம் பெண் மருத்துவர் என் கட்டிலில் உட்கார்ந்து சொன்னார். ஹெபடைடிஸ் பி என்கிற வைரஸ், பல வருஷமாக என் ரத்தத்தில் சத்தமில்லாமல் இருந்து ஈரலைத் தின்றிருக்கிறது. முழுதாக விரட்ட முடியாது, ஆனால் தினமும் ஒரு மாத்திரை போட்டால் அடங்கிக் கிடக்கும். மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து ஸ்கேன் பார்க்க வேண்டும். பேசிக்கொண்டே நாடி பார்க்க என் கையைத் திருப்பியவர், முன்கையைப் பார்த்து நிறுத்தினார். பழைய மூன்று கோடு, பக்கத்தில் புதிய மூன்று கோடு. என்ன இது என்றார். சொன்னேன். ஒரே பிளேடா என்று இரண்டு தடவை கேட்டார்.

காமாலைக்கான வைத்தியமே காமாலையை வீடு வீடாகக் கொண்டுபோய் வைத்திருக்கலாம் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மருத்துவர் அடித்துச் சொல்லவில்லை. அம்மாவிடமிருந்து பிறக்கும்போதே வந்திருக்கலாம், சரியாகக் கொதிக்க வைக்காத ஊசியால் வந்திருக்கலாம், இந்தப் பிளேடாலும் வந்திருக்கலாம். எங்கிருந்து வந்தது என்று தேடுவதைவிட இனி எங்கே போகாமல் நிறுத்துவது என்று பாருங்கள் என்றார். அன்றே காசிக்குச் சோதனை செய்தார்கள். அவருக்கு இல்லை, தடுப்பூசி போட்டார்கள். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பிறகு பார்த்தபோது இல்லை. குழந்தையாக இருக்கும்போது போட்ட ஊசியின் காவல் அது. அந்த ஊசியால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது என்று கிராமத்து நர்சம்மாவை வீட்டு வாசலில் வைத்துத் திட்டியவள் நான்தான்.

நான் கேட்க வேண்டியதை அதற்கப்புறம்தான் கேட்டேன். பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கலாமா?

"தாராளமா ஆக்கலாம்மா. இது ரத்தத்துல பரவற காமாலை. சோத்துல, தண்ணியில, தட்டுல பரவாது. கையில வெட்டுக்காயம் பட்டா மூடிக்கோங்க, அவ்வளவுதான்" என்றார். காமாலை என்று நாம் ஒரே பேர் வைத்திருக்கிறோம், அது பல நோய்க்குப் பொதுவான நிறம் என்றும் சொன்னார். கெட்ட தண்ணீராலும் ஈ மொய்த்த பண்டத்தாலும் வருகிற காமாலை வேறு. அதற்குத் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எனக்கு வந்தது வேறு.

மறுநாளே தலைமையாசிரியை போனில் கூப்பிட்டார். நல்ல மனுஷி, சுற்றி வளைத்துச் சொன்னார். ஊரில் பெற்றோர்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறார்கள், சமையலுக்கு ஆளை மாற்றச் சொல்லி. முதல் கையெழுத்து பவியின் அம்மா மஞ்சுளா. (இது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. அவளிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் இதை எழுதுகிறேன்.) மேலே இருக்கிறவர்கள், உடம்பு முடியவில்லை என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் சங்கடம் இல்லை என்கிறார்களாம்.

காசி, "உட்டுட்லாம். காடு இருக்குது, சாம இருக்குது. உசுரு வந்ததே போதும்" என்றார். அவர் சொன்னது எனக்கு நல்லதுக்குத்தான். ஆனால் நான் எழுதிக் கொடுத்தால் என்ன அர்த்தம்? இத்தனை வருஷம் விஷத்தை ஆக்கிப் போட்டேன் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. உடம்பு விட்டால் போகிறது, பொய்க்காகப் போக மாட்டேன். மருத்துவரிடம் சமைக்கலாம் என்று எழுதித் தரச் சொல்லி வாங்கி, மாத்திரையோடு சேர்த்து மடியில் கட்டிக்கொண்டு மலை ஏறினேன்.

மூன்று மாதம் வீட்டில் இருந்தேன். வயிறு வற்றியது, கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது. அதற்குள் கூடத்தில் வேறு ஒருத்தி தற்காலிகமாகச் சமைத்தாள். குழம்பு தண்ணீராக இருக்கிறது என்று பிள்ளைகள் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

பள்ளி வளாகத்தில் தலைமையாசிரியை பெற்றோரைக் கூட்டினார். மருத்துவரின் கடிதத்தைப் படித்தார். மஞ்சுளாதான் முதலில் எழுந்தாள்.

"என் கொழந்த அந்த ரத்தத்தப் பாத்துட்டு மூணு நாளு சோறு துன்னல. உனுக்கு வேற வேல கெடைக்கும்க்கா. எனுக்கு வேற கொழந்த கெடைக்குமா?"

நியாயமான கேள்வி. நான் அவள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன், இன்னும் வாய் நீளமாக. மருத்துவர் எனக்குச் சொன்னதை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். முகங்கள் அசையவில்லை. கடைசியில் ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டு என் முன்கையை நீட்டினேன்.

"இந்தக் கோடு யார் யார் கையில இருக்குது? இருக்கறவங்க கையத் தூக்குங்க. என்ன மாதிரியே நீங்களும் வூட்டோட குந்தி ஒரே பிளேடுல வாங்கினது. எனுக்கு இருக்குதுன்னா உங்களுக்கும் இருக்கலாம். ரத்தம் குடுத்துப் பாருங்க. பாத்துட்டு வந்து என்ன வெளிய போகச் சொல்லுங்க."

யாரும் கையை உயர்த்தவில்லை. ஆனால் பெண்கள் ஒவ்வொருவராக முந்தானையால் முன்கையை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். மஞ்சுளாவும் மூடினாள்.

மறுநாள் வேலைக்குப் போனேன். நாற்பத்து மூன்று பேருக்கும் உலை வைத்தேன். முப்பத்தைந்து பேர் வீட்டிலிருந்து டப்பா கொண்டு வந்திருந்தார்கள். நான் அளவைக் குறைக்கவில்லை. மணி அடித்ததும் தலைமையாசிரியை முதல் தட்டை நீட்டி, எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து சாப்பிட்டார். இப்படியே மூன்று வாரம் போனது. சில பிள்ளைகள் டப்பாவை மூடிவிட்டு மெல்ல வரிசையில் சேர்ந்தார்கள். மிச்சச் சோற்றைக் கழுவி ஊற்றும்போதெல்லாம் அழுதேன். மறுநாள் மறுபடி அதே அளவுக்கு அரிசி களைந்தேன்.

அதன்பின் நர்சம்மா பள்ளிக்கூடத்திலேயே ரத்தச் சோதனை முகாம் வைத்தார். நான் திட்டிய அதே நர்சம்மா. முதல் நாள் நாலு பேர் வந்தார்கள். இரண்டாம் நாள் வரிசை வெளிவாசல் வரை நின்றது. முடிவை ஒவ்வொருவரிடமும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். யாருக்கு என்ன என்று நான் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள்.

நாலு நாள் கழித்து, மதிய மணி அடித்துப் பிள்ளைகள் உட்கார்ந்த பிறகு, கூடத்தின் பின்வாசலில் மஞ்சுளா வந்து நின்றாள். படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"எனுக்கும் இருக்குதாம்க்கா."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் இரக்கம் வரவில்லை. நல்லா வேணும் என்றுதான் வந்தது. கரண்டியை அண்டாவில் இரண்டு சுற்றுச் சுற்றினேன், அது போய்விட்டது. மாத்திரை வேணுமா, ஈரல் எப்படி இருக்கிறதாம் என்று கேட்டேன். ஈரல் கெடவில்லையாம், இப்போதைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதுமாம். பவிக்கு ஒன்றும் இல்லையாம், அவளுக்குப் பிறந்த அன்றே ஊசி போட்டிருக்கிறார்கள். எல்லாம் சொல்லிவிட்டும் அவள் போகவில்லை.

"நாலு நாளா பவிக்கு அவங்கப்பாதான் ஊட்றாரு. கிட்ட வந்தா தள்ளி உடறேன். ராத்திரி தனியாப் படுக்கறேன். நர்சம்மா ஒண்ணும் ஆவாதுன்னுதான் சொன்னாங்க. நீ சொல்லுக்கா. நான் அவளுக்கு ஊட்டலாமா?"

இந்த நாலு மாதத்தில் இவளுக்குச் சொல்ல என்று நான் எத்தனை பதில் தயார் செய்து வைத்திருந்தேன் தெரியுமா? அடுப்படியில் தனியாகப் பேசிப் பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் விட்டு ஒரு தட்டை எடுத்தேன். சோறு வைத்து, சாம்பார் ஊற்றி, முட்டையை உரித்து வைத்து அவள் கையில் கொடுத்தேன்.

"உள்ளதான் குந்திக்கினு இருக்கா. போயி ஊட்டு."

"எல்லாரும் பாப்பாங்களேக்கா."

"பாக்கட்டும்" என்றேன்.

அவள் படி ஏறி உள்ளே வந்தாள். என்னைத் தாண்டி, பிள்ளைகளின் வரிசையைத் தாண்டிப் போய்ப் பவியின் முன்னால் உட்கார்ந்தாள். வீட்டு டப்பாவைத் தள்ளி வைத்தாள். நான் ஆக்கிய சோற்றைப் பிசைந்து நீட்டினாள். பவி வாயைத் திறந்தாள்.